கருமாதி வரை ஊறிய வெட்டிவேர்

சிதம்பரம் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் நான் அங்கே போனதில்லை. போக வேண்டிய வேலை வரவில்லை. கல்யாணம், சினிமா, ஆஸ்பத்திரி எல்லாம் எங்களுக்குக் கடலூரிலேயே முடிந்துவிடும். அக்கா செத்ததும் கடலூர் ஆஸ்பத்திரியில்தான்.

அவள் செத்த பிறகுதான் நானும் மாமாவும் சிதம்பரம் போனோம். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், பேர் வேலு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறார். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். முன்பு எங்களுக்கு நடுவில் அக்கா இருந்து, நான் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை என்னிடமும் சொல்வாள். இப்போது நேராகப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அக்கா பேர் கலா. எங்கள் பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் போடுவார்கள். அந்த வேரிலிருந்து எண்ணெய் இறக்குகிற டிரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. டிரம்மை ஓட்டியது அக்கா. டிரம் ஆள் உயரம் இருக்கும். அடியில் தண்ணீர், அதற்கு மேல் சல்லடைத் தட்டு, தட்டின்மேல் வேர். கீழே அடுப்பு எரித்தால் ஆவி வேருக்குள் ஏறி, எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியாகப் போகும். குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு போகிறது. அங்கே ஆறி, சொட்டுச் சொட்டாக விழும். வேரைச் சும்மா போட்டால் ஆவி சந்து பார்த்து ஓடிவிடும். அதனால் டிரம்முக்குள் இறங்கி மிதிக்க வேண்டும். மிதிப்பது அக்கா வேலை.

சாயங்காலம் மிதித்து, வேர் மூழ்கத் தண்ணீர் விட்டு, மூடியைப் போட்டு, ஓரம் முழுக்கக் களிமண் பூசிவிடுவோம். இரவெல்லாம் ஊறும். விடிந்ததும் அடுப்பு. அன்றைக்கு அக்கா மண் பூசி முடித்தாள். கை கழுவக் குனிந்தாள். அப்படியே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

சாவு விழுந்த வீட்டில் பால் தெளித்த பிறகு சோற்று அடுப்பை மூட்டலாம். தொழில் அடுப்பைக் கருமாதி முடியாமல் மூட்டக்கூடாது. எங்கள் வகையறாவில் அப்படித்தான். டிரம்முக்குள் வேர் ஊறிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கருமாதிக்கு மறுநாள் நானும் மாமாவும் அடுப்பை மூட்டினோம். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. களிமண்ணில் அக்கா விரல் பதிந்து காய்ந்திருந்தது. எண்ணெய் இறங்கி முடிந்ததும் உடைக்கத்தான் வேண்டியிருந்தது. மாமா உடைத்தார்.

எண்ணெய் வழக்கத்தைவிட ஜாஸ்தி வந்தது. நிறம் கொஞ்சம் பச்சை. வாசனையில் குளத்து அடிமண் மாதிரி என்னவோ ஒன்று இருந்தது.

முதல் நாள் அதைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு எடுத்துப் போனோம். வழியில் மாமா பைக்கின் செயின் இரண்டு தடவை கழன்றது. எங்கள் எண்ணெயை எப்போதும் எடுத்துக்கொள்ளும் நாட்டு மருந்துக் கடை கோயில் தெருவில் இருக்கிறது. கடைக்காரர் பாட்டில் மூடியைத் திறந்து மோந்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மறுபடி மோந்தார். பிறகு மூடியைப் போட்டு எங்கள் பக்கம் தள்ளினார்.

"இதுல ஏதோ கலந்திருக்கு வேலு."

"ஒண்ணும் கலக்கல."

"நீ கலந்தன்னு சொல்லல. டிரம்முல லோடு போட்டது யாரு?"

"அவதான்."

"நல்ல பொண்ணுதான். கடைசியில கொஞ்சம் ஆசப்பட்டிருக்கும். ஊர்ல நடக்கறதுதானே."

மாமா கடைக்குள் போகப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மாமாவின் சட்டையை எனக்குத் தெரியும், அக்கா தைத்த பட்டன், அறுந்துவிடும். அதனால் காலரைப் பிடித்தேன்.

கடைக்காரர் கோபப்படவில்லை. "சிதம்பரத்துல டெஸ்ட் பண்ற எடம் இருக்கு. சுத்தம்னு பேப்பர் கொண்டா, தலையில வச்சிக்கிறேன். கொண்டு வரலன்னா நாலு பேருகிட்ட நான் சொல்லத்தான் வேணும். மருந்துக்குப் போற சரக்கு இது," என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நாலு பேரிடம் போனால் எங்கள் ஊருக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் மூன்று தெரு, அதில் ஒன்று கடலுக்குப் போகிறது. கலா கலப்படம் பண்ணினாள் என்று அந்த மூன்று தெருவிலும் பேசுவார்கள், பதில் சொல்ல அவள் இருக்கமாட்டாள்.

டெஸ்ட் பண்ணும் இடத்துக்கு போன் போட்டோம். ஒரு பெண் எடுத்தது. எண்ணெயோடு அதே தோட்டத்து வேரும் கொஞ்சம் கொண்டு வரச் சொன்னது.

இரண்டாம் நாள் பஸ். எண்ணெய் பாட்டிலை நான் மடியில் வைத்திருந்தேன். வேர் சாக்கு மாமா காலடியில். பஸ் ஓட ஓட வாசனை கிளம்பியது. முன் சீட்டில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தது.

"யாருப்பா கோயிலுக்குப் பூஜ சாமான் எடுத்துட்டுப் போறது?"

பின் சீட்டு ஆள் சொன்னார். "பூஜ சாமானா? ஏரி தூர்வாருன மாதிரி இருக்குது."

"மூக்க காட்டி பாருய்யா. சந்தனம் மாதிரி இருக்குது."

"சந்தனம் எப்ப சேத்துல முளைச்சிது?"

கண்டக்டர் வந்தார். சாக்கைக் காலால் தொட்டுப் பார்த்தார். "என்னாது?"

"வேர்," என்றார் மாமா.

"எதோட வேரு?"

"வெட்டிவேரோட வேரு."

கண்டக்டர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மாமா கிண்டல் பண்ணவில்லை. அக்கா போனதிலிருந்து கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறார்.

ஆலப்பாக்கம் தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தான். ரயில் வரவில்லை. சுண்டல் வந்தது, வெள்ளரிப்பிஞ்சு வந்தது, பிறகு ரயில் வந்தது. கேட்டைத் திறந்து கொஞ்ச தூரம் போனதும் பின் சக்கரம் பஞ்சர். எல்லோரும் இறங்கி நின்றோம். சந்தனம் என்று சொன்ன அம்மாவும் சேறு என்று சொன்ன ஆளும் மர நிழலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேறு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, புருஷன் பெண்டாட்டி. வெயிலுக்கு ஒரே சீட்டில் உட்கார வேண்டாம் என்று தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் தெருக்கள் அகலம். தேர் ஓடுகிற தெருவாம். அவ்வளவு அகலம் இருந்தும் ஜனங்கள் நடுவில்தான் நடக்கிறார்கள். கடலூரில் ஓரமாக நடப்பவனைத்தான் வண்டி இடிக்கும், அதனால் எனக்கு நடுவில் நடப்பது பிடித்திருந்தது.

டெஸ்ட் பண்ணுகிற பெண் பேர் ஆனந்தி. கம்மாபுரம் பக்கம். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருப்பார். நான் மேடம் என்றேன். "மேடம்லாம் வேணாம் தம்பி, அக்கான்னே கூப்புடுங்க," என்றார். நான் அதற்குப் பிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவர் மேஜையில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குழாய், பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற இன்னொரு குழாய். உள்ளே ஒரு கைப்பிடி வேர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் டிரம்முக்குக் குழந்தை பிறந்தால் இப்படித்தான் இருக்கும். மருந்துச் செடிகளிலிருந்து எண்ணெயை ஜாஸ்தியாகவும் கெடாமலும் எடுப்பது எப்படி என்பதுதான் அவர் படிப்பு. வேரை வெட்டிப் போடுவது, முழுசாகப் போடுவது, கொஞ்சம் ஊற வைப்பது, ரொம்ப ஊற வைப்பது, தீயைக் கூட்டுவது, குறைப்பது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார். துளசி, ஓமவல்லி எல்லாம் முடித்துவிட்டாராம். வெட்டிவேர்தான் படுத்துகிறதாம்.

"மத்ததெல்லாம் சீக்கிரம் குடுத்துடும். இது லேசுல எறங்காது," என்றார்.

"ஆமா," என்றார் மாமா. அன்றைக்கு அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

எண்ணெயை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரூம் எடுத்தோம். ரூம் கொடுத்தவர் எங்களை மோந்து பார்த்து, "செண்ட் வியாபாரமா?" என்றார். இரவுக்கு இட்லி கொத்சு. கத்தரிக்காயைச் சுட்டு, மசித்து, இன்னது என்று தெரியாமல் ஆக்கிவிடுகிறார்கள். நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்காய் என்றால் கருவாட்டுக் குழம்பில் முழுசாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும். மாமா எட்டு இட்லி சாப்பிட்டார். வீட்டில் இப்போது அவர் ஒரு கை சோறுகூடச் சாப்பிடுவதில்லை. ஓட்டலில் சாப்பிடுகிறார். பரிமாறுகிறவர் யார் என்று தெரியாத இடத்தில் சாப்பிட முடிகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, நானும் எட்டு சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் நேரம் இருந்தது. வருஷம் திரும்பாமல் கோயிலுக்குள் போகக்கூடாது என்பதால் வெளியே நாலு வீதியையும் சுற்றினோம். சிதம்பரம் வந்து சாமி பார்க்காமல் போனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். கீழ வீதியில் ஒரு தெலுங்கு அம்மா எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து கை கூப்பியது. என்னவோ கேட்டது. அதன் வீட்டுக்காரர் தெரிந்த தமிழில் சொன்னார்.

"சாமி ரூம்லேந்து வர்றீங்களான்னு கேக்குறா. வாசன வருதாம்."

"இல்ல. சாவு வீட்லேந்து வரோம்," என்றார் மாமா.

அவர் அதைப் பெண்டாட்டிக்குச் சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த அம்மா மறுபடியும் கும்பிட்டது.

ஆனந்தி எண்ணெய் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பேப்பரை நீட்டினார். கோடு கோடாக, மலை மலையாக இருந்தது. ஒரு பெரிய மலை, நாலு சின்ன மலை.

"சுத்தமான வெட்டிவேர் எண்ணெய்தான். வேற எண்ணெய் எதுவும் கலக்கல."

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் மாமா.

"எதுவும் கலக்கல அண்ணா."

மாமா பேப்பரை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பையைத் தடவிப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அந்த மண் வாசன?"

"ரொம்ப நாள் தண்ணில கெடந்தா வரும். தெறந்து வச்சா கொஞ்சம் கொஞ்சமா போயிடும். எனக்கு வேற ஒண்ணு தெரியணும். நீங்க சொன்ன கணக்குப்படி எண்ணெய் ஜாஸ்தி எறங்கியிருக்கு. எப்படிப் பண்ணீங்க? எவ்ளோ நேரம் ஊற வச்சீங்க?"

"கருமாதி வரைக்கும்."

அவர் கை லேப்டாப்பில் நின்றது. "புரியல."

"வீட்ல ஒரு சாவு. அடுப்பு மூட்டக்கூடாது. அப்பிடியே கெடந்துச்சி."

"ஓ. சாரி அண்ணா." பிறகு மெதுவாகக் கேட்டார். "நடுவுல தண்ணி மாத்துனீங்களா?"

"இல்ல."

"குழாய் போற தொட்டியில புதுத் தண்ணி விட்டீங்களா?"

"மோட்டார் போடவே இல்ல," என்றேன் நான். "பழைய தண்ணிதான். அடுப்பு எரிய எரிய சூடாயிடுச்சி."

"அது நல்லதுதான். ஜில்லுன்னு இருந்தா இந்த எண்ணெய் கெட்டியாகிக் குழாயிலயே ஒட்டிக்கும். வழக்கமா நீங்க நெறய தண்ணி விடுவீங்கல்ல? விடாதீங்க." இத்தனை வருஷமாக நாங்கள் தொட்டியை ஜில்லென்று வைத்திருப்பதில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். "சரி, வேர எப்படி அடைச்சீங்க?"

"எறங்கி மிதிக்கிறதுதான்."

"யாரு மிதிச்சது?"

"என் வீட்டுக்காரி."

"அவங்க வெயிட் எவ்ளோ இருக்கும்?"

"அம்பது."

"அம்பத்தி ரெண்டு," என்றேன் நான். "போன மாசம் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில பாத்தாங்க. தப்பா காட்டுதுன்னு கொலுச கழட்டி வச்சிட்டு ஏறினா."

"அம்பத்தி ரெண்டு," என்று ஆனந்தி தட்டினார். "அவங்கள ஒரு நாள் கூட்டிட்டு வர முடியுமா அண்ணா? எப்படி மிதிக்கிறாங்கன்னு ஒரு வீடியோ எடுத்துக்கறேன்."

மாமா ஜன்னலைப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"அவதாம்மா செத்துட்டா."

ஆனந்தி லேப்டாப்பை மூடினார். எழுந்து போய் மூன்று டீ கொண்டு வந்தார். சர்க்கரை ஜாஸ்தி. நாங்கள் மூன்று பேரும் குடித்தோம். ஆறுதல் சொல்லாமல் இருந்த முதல் ஆள் அவர்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

டீ முடிந்ததும் மாமா கேட்டார். "ஜாஸ்தி வந்தது எதனாலம்மா?"

"தெரியல அண்ணா. ஊறினதாலயா, மிதிச்சதாலயா, தொட்டித் தண்ணியாலயா, இப்ப சொல்ல முடியாது. ஒரு தடவ வந்தா அது ரிசல்ட் இல்ல. அதே மாதிரி மூணு தடவ பண்ணி, மூணு தடவயும் வந்தாத்தான் ஒத்துக்குவாங்க." உடனே தலையை ஆட்டினார். "நீங்க பண்ண வேணாம். சும்மா சொன்னேன்."

"அதே மாதிரின்னா?"

"அதே தோட்டத்து வேர். அதே அளவு நாள். அதே வெயிட்."

"அம்பத்தி ரெண்டு கிலோ யாரா இருந்தாலும் பரவால்லியா?"

ஆனந்தி மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்ல அண்ணா," என்றார்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒருவர் எடை மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு எழுத்தில் நம்பர் வருகிற மிஷின். மாமா என்னை ஏறச் சொன்னார். நாற்பத்தெட்டு.

"எறங்காத," என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து கையில் கொடுத்தார். நாற்பத்தொன்பதரை. எண்ணெய் பாட்டிலையும் கொடுத்தார். ஐம்பதைத் தாண்டியது.

மிஷின்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் கொறஞ்சிருக்கான்னு பாப்பாங்க. நீங்க என்னா சார், பையன ஏலம் விடப் போறீங்களா?"

மாமா எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு தள்ளுவண்டிக்குப் போனார். ஒரு பூசணிக்காயைத் தூக்கி வந்து கொடுத்தார். வேண்டாம் என்று தலையாட்டி, போய்க் கொஞ்சம் பெரிதாக வேறொன்று தூக்கி வந்தார். காய்க்காரம்மாவும் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டது.

ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்று.

"புள்ளி ஒண்ணு ஜாஸ்தி மாமா."

"கொலுசு," என்றார் மாமா.

நான் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிஷின்மேல் நின்றேன். மாமா அந்தச் சிவப்பு நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிஷின்காரர் இப்போது சிரிக்கவில்லை. "இருக்கட்டும், இருக்கட்டும்," என்று அவர்களைக் கையமர்த்தினார்.

திரும்பும் பஸ்ஸில் பூசணிக்காய்க்கு லக்கேஜ் கேட்கவில்லை. அது என் மடியிலேயே தூங்கி வந்தது. கடலூரில் கடைக்காரர் பேப்பரைப் படித்தார், எண்ணெயை மறுபடி மோந்தார்.

"ஊறல் வாசனையா?"

"ஆமா."

"இவ்ளோ நாளா ஊற வச்சீங்க?"

"வச்சது அவ. எடுக்கறதுக்குத்தான் நாளாச்சி," என்றார் மாமா.

கடைக்காரர் பேப்பரை நெஞ்சில் வைத்துக்கொண்டார். தலையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னவர், இது அவருக்கு எட்டிய இடம். "அன்னிக்கு நான் அந்த வார்த்த சொல்லியிருக்கக் கூடாது," என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்த வாரமே அதே தோட்டத்து வேர் வந்தது. சாயங்காலம் நான் டிரம்முக்குள் இறங்கினேன். மாமா மேலிருந்து பூசணிக்காயைக் கொடுத்தார். நெஞ்சோடு பிடித்தால் கால் தெரியவில்லை, அதனால் இடுப்பில் வைத்துக்கொண்டு மிதித்தேன். வேர் காலுக்கடியில் நெறுநெறுவென்று அமுங்கியது. உள்ளிருந்து பார்த்தால் வானம் வட்டமாக இருக்கிறது, நடுவில் மாமா தலை. அக்கா தினமும் பார்த்தது இதைத்தான்.

"போதுமா மாமா?"

"இன்னும் ஒரு சுத்து."

தண்ணீர் விட்டோம். மாமா மூடியைப் போட்டார். களிமண்ணை நான் பூசினேன், நான் கை கழுவ அவர் தண்ணீர் ஊற்றினார். நான் குனியும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அத்தை வந்து பார்த்தது. அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

"என்னா வேலு, லோடு போட்டாச்சி, அடுப்பு மூட்டலியா? கருமாதிதான் எப்பவோ முடிஞ்சிடுச்சே. எத்தினி நாளைக்கு இப்பிடியே உக்காந்திருப்பீங்க?"

"ஆராய்ச்சி அத்த, அதே அளவு நாள் ஊறணும்," என்றார் மாமா. "மூட்டக்கூடாது."

அத்தை போய்விட்டது. நாங்கள் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டோம். யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. இது முடிந்தாலும் இன்னும் இரண்டு தடவை இருக்கிறது.